ஒரு கியாத்தாவுக்குள் இரண்டு விலை

யாங்கோனின் லத்தா பகுதியில் மகா பந்துலா சாலையை ஒட்டி நகைக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. ஊரின் சீனர் பேட்டை அது. கிழக்கே சில தெருக்கள் தள்ளினால் பபேடான் வரும். பழைய மொகல் தெரு, அதாவது இன்றைய ஷ்வே பொந்தா தெரு, அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டு பேட்டைகளிலும் தமிழர் கால் படாத நாள் கிடையாது. கல்யாணத்துக்கு நகை எடுப்பதும் அவசரத்துக்கு நகையை விற்பதும் இதே தெருக்களில்தான்.

இக்கடைகளில் விலை கேட்கிறவர்கள் எல்லோரும் நகை வாங்க வந்தவர்கள் என்று நினைக்கக் கூடாது. அரிசி மொத்த வியாபாரி கேட்பார். பழைய கார் வாங்கி விற்பவர் கேட்பார். பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பப் பணம் சேர்க்கும் தாய் கேட்பார். கியாட்டின் மதிப்பு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் கேட்கிறார்கள். வங்கி சொல்லும் எண்ணைவிட நகைக்கடைப் பலகை சொல்லும் எண்ணை இந்த ஊர் அதிகம் நம்புகிறது. அந்த எண்ணை எப்படிப் படிப்பது, அதை நம்பி எவ்வளவு பணத்தை இறக்கலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலில் எடைக் கணக்கு. பர்மாவில் தங்கத்தைக் கிராமில் பேசும் பழக்கம் குறைவு. கியாத்தா, பே, யுவே என்பவைதாம் புழக்கத்தில் உள்ள அளவுகள். 8 யுவே ஒரு பே; 16 பே ஒரு கியாத்தா. ஒரு கியாத்தா ஏறக்குறைய 16.33 கிராம். நம் பவுன் 8 கிராம் என்பதால், ஒரு கியாத்தா இரண்டு பவுனைவிடச் சற்றுக் கூடுதல் என்று மனசில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பே ஒரு கிராமைக் கொஞ்சம் தாண்டும். பணத்துக்கும் எடைக்கும் ஒரே மாதிரிப் பெயர் இருப்பதால் குழப்பம் வரும். இங்கே பணத்தைக் கியாட் என்றும் எடையைக் கியாத்தா என்றும் எழுதுகிறேன்.

சுத்தத்தையும் 16 என்ற கணக்கிலேயே சொல்கிறார்கள். 16 பே என்றால் கலப்பில்லாத தங்கம். நகை செய்ய 15 பே தங்கம் அதிகம் புழங்குகிறது. அது நம்மூர் 22 காரட்டைவிடச் சற்றுச் சுத்தமானது. பலகையில் இருக்கும் விலை எந்தப் பேக்கு என்று கேட்காமல் யாரும் பேரம் பேசக் கூடாது. சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற உறவினர் பவுன் விலையோடு ஒப்பிட்டு "இங்கே மலிவு", "இங்கே கூடுதல்" என்று சொல்வதில் பாதி, சுத்தத்தை ஒத்துப் பார்க்காததால் வரும் தவறு.

இனி விலை. தங்கத்துக்கு உலகம் முழுவதும் பேசப்படும் ஒரு விலை இருக்கிறது. அது டாலரில், டிராய் அவுன்ஸ் என்ற எடைக்குச் சொல்லப்படுவது. லண்டனில் நாளுக்கு இரண்டு முறை அதை நிர்ணயிக்கிறார்கள். நியூயார்க்கிலும் ஷாங்காயிலும் நாள் முழுக்க வியாபாரம் நடக்கிறது. ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். 16.33ஐ 31.1ஆல் வகுத்தால் 0.525 வருகிறது. அரை அவுன்ஸுக்குச் சற்று மேலே இருப்பது நம் கியாத்தா.

எனவே கணக்கு இவ்வளவுதான்: அவுன்ஸ் விலையை 0.525ஆல் பெருக்குங்கள். ஒரு கியாத்தா சுத்தத் தங்கம் எத்தனை டாலர் என்பது கிடைக்கும். அதை டாலரின் கியாட் மதிப்பால் பெருக்கினால் லத்தாவில் சொல்ல வேண்டிய விலை வந்துவிடும். பலகையில் இருக்கும் ஒற்றை எண்ணுக்குள் இரண்டு விலைகள் ஒன்றாகப் பெருக்கப்பட்டுக் கிடக்கின்றன. ஒன்று உலகம் தங்கத்துக்குத் தரும் விலை. இன்னொன்று சந்தை கியாட்டுக்குத் தரும் விலை.

2021 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். உலக விலை அவுன்ஸுக்கு 1,850 டாலர் அளவில் இருந்தது. 0.525ஆல் பெருக்கினால் 971 டாலர். அப்போது ஒரு டாலர் சுமார் 1,330 கியாட். பெருக்கிப் பாருங்கள், 12 லட்சத்து 90 ஆயிரம் வருகிறது. அந்த நாட்களில் யாங்கோனில் ஒரு கியாத்தா 13 லட்சத்தை ஒட்டியே விற்றது. கணக்கும் கடையும் ஒத்துப்போன காலம் அது.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதே ஆண்டு செப்டம்பருக்குள் டாலர் 3,000 கியாட் வரை போயிற்று. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரு டாலருக்கு 1,850 கியாட் என்று நிர்ணயித்து, வெளிநாட்டுப் பணம் பெறுபவர்கள் ஒரே நாளில் அதை இந்த விலைக்கு மாற்றிவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகஸ்டில் அந்த விலை 2,100 ஆனது. வெளிச் சந்தை இதில் எதையும் பொருட்படுத்தவில்லை.

இனி 2024 மே மாதத்துக்கு வருவோம். உலக விலை அவுன்ஸுக்கு 2,350 டாலர் அளவு. ஒரு கியாத்தாவுக்கு 1,234 டாலர் ஆகிறது. அரசு சொன்ன 2,100 கியாட்டால் பெருக்கினால் சுமார் 26 லட்சம் வர வேண்டும். ஆனால் யாங்கோனில் தங்கம் அந்த மாதம் 50 லட்சத்தைத் தாண்டி நின்றது. 50 லட்சத்தை 1,234ஆல் வகுத்தால் 4,050க்கு மேல் வருகிறது. சந்தை ஒரு டாலரை 4,000 கியாட்டுக்கு மேல் மதித்தது என்பதை வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, நகைக்கடையே சொல்லிவிட்டது.

இந்த மூன்று ஆண்டு நான்கு மாதங்களில் உலக விலை ஏறியது ஏறக்குறைய கால் பங்கு. லத்தா விலையோ நான்கு மடங்கை நெருங்கியது. மீதி ஏற்றம் முழுவதும் கியாட்டின் இறக்கம். "தங்கம் ஏறிப்போச்சு" என்று தெருவில் சொன்னதெல்லாம் பெரும்பாலும் பணம் இறங்கிப்போனதன் மறுபக்கமே. 2021இல் ஒரு கியாத்தா வாங்கியவர் 2024இல் நான்கு மடங்கு பணக்காரர் ஆகிவிடவில்லை. தன்னிடம் இருந்ததைக் கரையாமல் காத்துக்கொண்டார், கூடவே உலக விலையின் கால் பங்கு ஏற்றம் கிடைத்தது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் தங்கத்தில் நிதானமாக இருப்பார்கள். புரியாதவர்கள் நான்கு மடங்கு என்ற எண்ணைப் பார்த்து மயங்கிக் கடன் வாங்கித் தங்கத்தில் போடுவார்கள்.

உலக விலை எப்படியென்று தேடவோ டாலர் விலையை விசாரிக்கவோ வசதி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒரு பே தங்கத்தை விற்றால் எத்தனை மூட்டை அரிசி வாங்கலாம் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். அந்த எண்ணிக்கை மாறாமல் இருந்து பலகை விலை மட்டும் ஏறினால், பணத்தின் மதிப்பு குறைந்திருக்கிறது என்று பொருள். மூட்டை எண்ணிக்கையே கூடினால்தான் தங்கம் உண்மையில் ஏறியிருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதும் பழக்கம் போதும்.

அரசுகளுக்கு இந்தப் பலகை பிடிக்காமல் போவதற்குக் காரணமும் இதுதான். டாலர் விலையை உத்தரவு போட்டு நிறுத்தலாம். நகைக்கடை விலை அந்த உத்தரவைப் பொய்யாக்கிக்கொண்டே இருக்கும். யாங்கோன் தங்க வணிகர் சங்கம் ஒரு குறிப்பு விலையை அறிவிக்கிறது. நெருக்கடிக் காலங்களில் அது ஒரு விலையாகவும், கைமாறும் விலை வேறொன்றாகவும் இருக்கின்றன. 2024இல் விலை தறிகெட்டு ஏறியபோது, விலையை ஏற்றிவிட்டார்கள் என்று தங்க வணிகர்களையும் நாணய வணிகர்களையும் பிடித்து உள்ளே போட்டார்கள். காய்ச்சல் அடிக்கிறது என்று வெப்பமானியை உடைக்கும் வேலை இது. கியாட்டை அச்சடித்தது லத்தா வியாபாரி அல்ல; வெளிநாட்டு முதலீடு வெளியேறியதும் ஏற்றுமதிப் பணம் நாட்டுக்குள் வரத் தயங்கியதும் அவரால் அல்ல.

கணக்கு எப்போதும் துல்லியமாக ஒத்துப்போகும் என்று சொல்லவில்லை. பர்மா தானே தங்கம் தோண்டும் நாடு. காச்சினிலும் சகாயிங்கிலும் எடுக்கும் தங்கம் உள்நாட்டுச் சந்தைக்கு வருகிறது. ஏற்றுமதி, இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உண்டு. அதனால் உள்ளூர் விலை கணக்குக்கு மேலேயோ கீழேயோ சில நாட்கள் நிற்கலாம். சில சதவீத வித்தியாசம் சாதாரணம். இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் அங்கே ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது.

ஓர் ஊர் முழுக்க ஏன் இப்படித் தங்கத்தின் பக்கம் ஓடுகிறது என்பதை இந்த ஊரின் வரலாறு சொல்லும். ஜப்பானியர் 1942இல் வந்து தங்கள் நோட்டைப் புழக்கத்தில் விட்டார்கள். போர் முடிந்த 1945இல் அது வெறும் காகிதமாகிவிட்டது. 1964 மே மாதம் நெ வின் அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றது. 1985 நவம்பரில் மறுபடியும் பெரிய நோட்டுகள் போயின; அப்போதாவது ஓரளவு மாற்றிக்கொள்ள விட்டார்கள். 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. மாற்றிக்கொள்ள வழியே தரவில்லை. புழக்கத்தில் இருந்த பணத்தில் பெரும்பகுதி அன்று செத்தது. பின்னர் வந்த 45, 90 கியாட் நோட்டுகளை யார் மனமார நம்பியிருப்பார்? மறு ஆண்டு நாடே தெருவில் இறங்கியதற்குப் பின்னால் அந்தக் கோபமும் இருந்தது.

வங்கியில் போட்டால் பத்திரம் என்று நினைத்தவர்களுக்கு 2003 பிப்ரவரி வந்தது. அன்றைய மிகப் பெரிய தனியார் வங்கியான ஏஷியா வெல்த் உட்படப் பல வங்கிகளின் வாசலில் மக்கள் பணம் கேட்டு முண்டியடித்தார்கள். கேட்ட பணம் கிடைக்கவில்லை. 2021இலும் பணம் எடுக்கும் எந்திரங்களின் முன்னால் விடியற்காலையிலேயே வரிசை. ஒருவர் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு. தங்கத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதைச் செல்லாது என்று ஒருவரும் அறிவிக்க முடியாது. பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கும் பொருளாதாரம் இது. அனுபவத்தில் விளைந்தது என்பதால் அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவுக்குக் கொண்டுவந்த பணத்தைத் தங்கமாகப் பூட்டி வைக்கவில்லை. ஐராவதி டெல்டாவின் நெல்லில் இறக்கினார்கள். மொகல் தெருவில் அவர்களுடைய தொழிலிடங்களான கிட்டங்கிகள் இருந்தன. 1930ஆம் ஆண்டு வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அன்றைய வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தது. அவர்கள் போட்டிருந்த முதல் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. காடு திருத்தவும் விதைக்கவும் குடியானவருக்கு அந்தப் பணம்தான் கைகொடுத்தது. உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடாகப் பர்மா எழுந்ததில் வட்டிக்குப் போன அந்தப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பிறகு நெல் விலை சரிந்தது. 1930களின் உலக மந்தத்தில் அது ஏறக்குறையப் பாதியாயிற்று. கடன் திரும்பவில்லை, அடமான நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நிலத்தில் 6 சதவீதம் அவர்களிடம் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம். அவர்கள் வேண்டிக் கேட்டதல்ல அந்த நிலம். பணமாகத் திரும்ப வேண்டியது மண்ணாகத் திரும்பியது. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவரின் கோபம் அவர்கள்மேல் விழுந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். போர் வந்தது, சுதந்திரம் வந்தது, 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. முதலும் போயிற்று, நிலமும் போயிற்று.

அதே மந்தக் காலத்தில் தங்கத்துக்கு நடந்ததைக் கவனியுங்கள். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டிருந்த ரூபாயும் கூடவே இறங்கியது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம், பிரிக்கப்பட்டது 1937இல். ரூபாயில் தங்கம் விலை ஏறியது. உடனே நாடெங்கும் கிராமத்து வீடுகளிலிருந்து நகைகள் வெளியே வந்தன. விளைச்சலுக்கு விலையில்லாமல் வரி கட்டவும் கடன் அடைக்கவும் விற்ற நகைகள் அவை. உருக்கப்பட்டுப் பம்பாய்த் துறைமுகம் வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தன. அந்த ஆண்டுகளில் தங்க விலை ஏறியதைப் பார்த்து ஊர் செழிக்கிறது என்று எவராவது எழுதியிருந்தால், கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்த பெண்களைப் பார்க்காமல் எழுதியிருப்பார். விலை ஏறும்போது வாங்குவது யார், விற்பது யார் என்று கேட்க வேண்டும். இன்று லத்தாவில் ஒரு பே, இரண்டு பே என்று துண்டு துண்டாக விற்க வருபவர்கள் வாடகைக்கும் மருந்துக்கும் விற்கிறார்கள் என்றால், விலை உயர்வு அவர்களுக்கு லாபமாகப் போய்ச் சேரவில்லை.

1941 டிசம்பரில், அன்று ரங்கூன் எனப்பட்ட யாங்கோனில் குண்டு விழுந்த பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். இடுப்பில் முடிந்த தங்கம் சிலரை ஊர் சேர்த்தது. வழியில் அதைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. தங்கம் வைத்திருந்ததாலேயே உயிருக்கு ஆபத்து வந்தவர்களும் உண்டு. 1960களில் கடைகள் தேசியமயமான பின் மூன்று லட்சம் பேர் வரை கப்பலேறியபோது, கொண்டுபோகும் நகைக்கே கடுமையான கட்டுப்பாடு இருந்தது. தங்கம் எல்லாக் காலத்திலும் காப்பாற்றும் என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உலக விலை எதனால் ஏறி இறங்குகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். 1971 ஆகஸ்ட் 15 வரை 35 டாலர் கொண்டுவரும் வெளிநாட்டு அரசுக்கு அமெரிக்கா ஒரு அவுன்ஸ் தங்கம் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று அதிபர் நிக்சன் அதை நிறுத்தினார். அதன் பிறகு விலை அவிழ்ந்துவிட்டது. எண்ணெய் விலையும் பணவீக்கமும் துரத்த, 1980 ஜனவரியில் 850 டாலரைத் தொட்டது. அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கடுமையாக உயர்த்தியதும் இறங்கத் தொடங்கியது. 1999இல் 250 டாலர் அளவுக்கு வந்து கிடந்தது. 850க்கு வாங்கியவர் இருபது ஆண்டுகள் காத்திருந்து மூன்றில் ஒரு பங்கைத்தான் பார்த்தார், அதுவும் டாலரே தேய்ந்த காலத்தில். இதை விளம்பரங்களில் போட மாட்டார்கள்.

தங்கத்துக்கு வட்டி கிடையாது. வைப்புநிதிக்குக் கிடைக்கும் வட்டி விலைவாசி ஏற்றத்தைவிட நன்றாக மேலே இருந்தால், தங்கத்தை வைத்திருப்பதில் இழப்பு இருக்கிறது, மக்கள் விற்கிறார்கள். வட்டி விலைவாசிக்குக் கீழே போனால் தங்கம் வாங்குகிறார்கள். பெரும்பாலான காலம் இந்த விதி வேலை செய்தது. 2022இல் ஒரு புதுக் காரணம் சேர்ந்தது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும், வெளிநாட்டில் இருந்த ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலரை மேற்கு நாடுகள் முடக்கின. டாலரில் சேமித்து வைத்த மற்ற நாடுகள் யோசிக்கத் தொடங்கின. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலக மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. 2025 மார்ச்சில் அவுன்ஸ் 3,000 டாலரையும் அக்டோபரில் 4,000 டாலரையும் கடந்தது. பெரிய பெரிய அரசுகளும் இப்போது லத்தா வியாபாரியைப் போலவே யோசிக்கின்றன: பிறர் உத்தரவு போட்டு முடக்க முடியாத ஒன்று கையில் இருக்கட்டும் என்று.

அரசுகள் நகையை அடகு வைப்பதும் உண்டு. 1991இல் இந்தியாவின் கையிருப்பு சில வார இறக்குமதிக்குத்தான் போதும் என்ற நிலை வந்தபோது, ரிசர்வ் வங்கி 47 டன் அளவுக்குத் தங்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்து 40 கோடி டாலர் அளவில் கடன் பெற்றது. நாட்டின் மானம் போயிற்று என்று பலர் வருந்தினார்கள். இக்கட்டான நேரத்தில் எடுத்துக் கொடுக்கத்தானே தங்கம் சேர்ப்பது? அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இலங்கையில் இதே பாடம் வேகமாக நடந்தது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 ரூபாயாக இருந்த டாலர் மே மாதத்துக்குள் 360 ஆனது. உலக விலையில் பெரிய மாற்றம் இல்லாமலே கொழும்புச் செட்டியார் தெருவில் பவுன் விலை எகிறியது. 2023 தொடக்கத்தில் ரூபாய் தேறியதும் பவுன் விலை இறங்கியது. உச்சத்தில் பயந்து வாங்கியவர்கள் கையைக் கடித்துக்கொண்டார்கள். யாங்கோனிலும் 2024 ஆகஸ்டில் டாலர் 6,000 கியாட்டைத் தாண்டிவிட்டுப் பிறகு இறங்கி வந்தது. அந்த வாரத்தில் தங்கம் வாங்கியவர்களுக்கும் அதே கதிதான். பீதியில் வாங்குகிறவர், தங்கத்தோடு சேர்த்து டாலரின் உச்ச விலையையும் வாங்குகிறார்.

எனவே வாங்குவதானால் எப்படி வாங்குவது என்று பார்ப்போம். கடைக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 4 பே எடையில் ஒரு சங்கிலி எடுக்கிறீர்கள். கடைக்காரர் அதைத் தராசில் வைத்து, ரசீதில் கியாத்தா, பே, யுவே என்று எடையை எழுதுகிறார். அதன் கீழே சேதாரம். 2 யுவே என்று வைத்துக்கொள்வோம். 4 பே என்பது 32 யுவே; ஆக நூற்றுக்கு ஆறேகால் அங்கே போயிற்று. அதன் கீழே செய்கூலி. கல் பதித்திருந்தால் கல்லுக்குத் தனி விலை. திரும்ப விற்கப் போகும்போது சேதாரமும் செய்கூலியும் கிடைக்காது. கடைக்காரர் வாங்கும் விலை விற்கும் விலையைவிட எப்போதும் குறைவு. வேறு கடையில் விற்றால் இன்னும் கொஞ்சம் கழிப்பார்கள். எல்லாம் சேர்த்தால் விலை பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணம் உங்களுக்குத் திரும்பும்.

அணிந்து மகிழ நகை வாங்குங்கள். அந்தச் செலவு மகிழ்ச்சிக்கான செலவு. சேமிப்புக்கென்றால் 16 பே கட்டியாகவோ, வேலைப்பாடு இல்லாத மோதிரமாகவோ வாங்குவது நல்லது. பெரிய ஒரு துண்டைவிடச் சின்னச் சின்னதாக இருப்பது வசதி. 2 பே தேவைப்படும் நாளில் ஒரு கியாத்தாவை வெட்ட வேண்டியிருக்காது. மாதா மாதம் ஒரே அளவு பணத்துக்கு வாங்குகிறவர்கள் உச்சத்தில் மாட்டிக்கொள்வது குறைவு. விலை தலைகீழாக ஆடும் நாட்களில் பல கடைகள் விற்பனையை நிறுத்திவிடும். வாங்க மட்டும் செய்யும், அல்லது அதையும் செய்யாது. நினைத்த நேரத்தில் பணமாக்கலாம் என்ற நம்பிக்கை, மிகவும் தேவைப்படும் அந்த நாட்களில் பொய்த்துப்போகலாம். ஆகவே இரண்டு மூன்று மாத வீட்டுச் செலவுக்குப் பணம் பணமாகவே இருக்கட்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தங்கப் பத்திரம் என்ற வழி இருந்தது. 2015 நவம்பரில் தொடங்கிய அரசின் அந்தத் திட்டம் தங்க விலையோடு, பெரும்பாலான வெளியீடுகளில் ஆண்டுக்கு 2.5 சதவீத வட்டியும் தந்தது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடு வரவில்லை. யாங்கோனில் காகிதத் தங்கத்தின்மேல் நம்பிக்கை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே கையில் இருப்பதுதான் தங்கம். ஆனால் கையில் இருப்பதற்குக் காவல் வேண்டும். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்.

நகையை அடகு வைத்து அந்தப் பணத்தில் இன்னொரு நகை வாங்கும் வித்தையைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். விலை ஏறும் வரை அது புத்திசாலித்தனம் போலத் தெரியும். கியாட் ஒரு மாதம் தேறினால் போதும். வட்டியும் கட்ட வேண்டும், இரண்டு நகையும் போகும்.

எனக்கு இதில் பெரிய கவலை ஒன்று உண்டு. ஒரு நல்ல ஆண்டில் கிடைத்த லாபத்தை ஒரு துணிக்கடைக்காரர் கடையைப் பெரிதாக்கப் போட்டால், இரண்டு பேருக்கு வேலை கிடைக்கும். பலகாரம் விற்பவர் இன்னொரு அடுப்பு வாங்கினால் இன்னும் ஒருவருக்குக் கூலி கிடைக்கும். அதே பணம் பீரோவுக்குள் மஞ்சள் கட்டியாகப் போய் உட்கார்ந்தால் கடைக்காரர் தப்பித்துக்கொள்கிறார், ஊர் நின்றுவிடுகிறது. அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. மூன்று முறை நோட்டைச் செல்லாமல் ஆக்கிய நாட்டில் அவர் வேறு என்ன செய்வார்? நாணயத்தை ஒழுங்காக நடத்தாத ஆட்சி முதலில் பறிப்பது இந்த வேலைகளைத்தான். கியாத்தா விலை புது உச்சம் என்று செய்தி வரும்போதெல்லாம், தொடங்கப்படாமல் போன தொழில்களின் கணக்கும் அதற்குள் இருக்கிறது.

வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்காரர் தரும் ரசீதில் எடை, எத்தனை பே சுத்தம், சேதாரம் ஆகிய மூன்றும் எழுதியிருக்கிறதா என்று கடையை விட்டு இறங்குமுன் சரிபாருங்கள். அதே கடையில் திரும்பக் கொடுக்கும்போது குறைவாகக் கழிப்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. நகையையும் ரசீதையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். இரண்டும் ஒன்றாகத் தொலைந்தால், இருந்தது என்று காட்டக்கூட ஒன்றும் மிஞ்சாது.